கை போகாத இடம்

உக்காருங்க தம்பி, நின்னுட்டே இருக்காதீங்க. அந்த டயர் மேல உக்காரலாம், சுத்தமாத்தான் இருக்குது. உங்களுக்கு என்ன வேலை, ஆயில் மாத்தறதுங்களா? அப்ப நீங்களும் காத்துட்டிருக்கோணும். மெக்கானிக் ரபீக், மொதல்ல என்ற வண்டியை முடிச்சாத்தான் அடுத்ததைத் தொடுவான். என்ற வண்டி எப்ப முடியும்னு மட்டும் கேட்றாதீங்க. காலையில இருந்து அதைக் கேட்டுக் கேட்டு, வாயில நல்ல வார்த்தையே வர மாட்டேங்குது.

அந்த வெள்ளை வண்டிதானுங்க. ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழட்டிப் போட்டிருக்கான் பாருங்க. பாத்தா எங்கியோ கொண்டு போய் இடிச்சுட்டு வந்த வண்டி மாதிரி இருக்குதில்லைங்களா? ஒண்ணுமே ஆகலைங்க. பேட்டரி முனையில உப்புப் பூத்திருக்குது. வெள்ளையா, பச்சையாப் படியுமே, அதுதான். சுடுதண்ணி ஒரு சொம்பு ஊத்தி, உப்புத்தாள் வெச்சு நாலு தேய் தேச்சு, நட்டை இறுக்கினா முடிஞ்சுது. பல்லு வெளக்கற மாதிரி ஒரு வேலை. அதுக்குச் சக்கரம் கழண்டு கெடக்குது.

ஏன்னு கேளுங்க. பேட்டரி பானெட்டுக்குள்ள இல்லைங்க. சக்கரத்துக்குப் பின்னால, மட்கார்டுக்குள்ள வெச்சிருக்கான். சத்தியமாங்க. சக்கரத்தைக் கழட்டோணும். அப்புறம் உள்ளாற ஒரு பிளாஸ்டிக் தட்டி இருக்குது, அதைக் கழட்டோணும். அதுல ஸ்க்ரூவும் இருக்குது, அமுக்கிப் புடிக்கற பட்டனும் இருக்குது. பட்டனைத் தொட்டாலே ஒடையுது. அப்புறம் ஒரு இரும்புப் பட்டி. அதுக்கும் அக்கட்ட, இருட்டுக்குள்ள, குழந்தை ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி உக்காந்திருக்குது பேட்டரி. சீ. எனக்கு அதைப் பாக்கறப்ப காறித் துப்பலாமான்னு வருதுங்க. என்ற வண்டியாச்சேன்னு முழுங்கிட்டிருக்கறேன்.

தள்ளி ஸ்டார்ட் பண்றதுங்களா? அதுதான் முடியாதே. கியர் தானா மாறற வண்டி. பானெட்டுக்குள்ள அதுக்குன்னு ஒரு முனை மட்டும் நீட்டி வெச்சிருக்கான், அதுல ஒயர் குடுத்து இன்னொரு வண்டியில இருந்து கரண்டு எடுத்தும் பாத்தாச்சு. ஸ்டார்ட் ஆச்சு. காங்கேயம் பஸ் ஸ்டாண்டு தாண்டறதுக்குள்ள மறுக்காப் படுத்துக்கிச்சு. நான் டீ குடிக்கன்னு நிறுத்தினதே தப்புங்க. நிறுத்தாம ஒரே ஓட்டமா ஓட்டியிருந்தா இந்நேரம் வெள்ளகோவில் போயிருப்பேன். அங்க என்ற சம்சாரம் பையைக் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கறா.

அது ஒரு தனிக் கதை, வர்றேன்.

மொதல்ல இந்த வண்டி பண்ணினவனுகளைச் சொல்லி முடிச்சர்றேன். போன தீவாளிக்கு முன்னால ஹெட்லைட்டுல ஒரு பல்பு போச்சுங்க. பல்பு. நம்ம பழைய வண்டியில பின்னாடி ரப்பர் மூடி இருக்கும், கழட்டி, ஒரு திருகு, அவ்வளவுதான். மழையில ரோட்டோரம் நின்னு நானே மாத்தியிருக்கறேன். இதுக்குத் திருப்பூர் மெக்கானிக் என்ன சொன்னான் தெரியுங்களா? பம்பரைக் கழட்டோணும்னான். நான் சிரிச்சுட்டேன், வெளையாடறான்னு. அவன் சிரிக்கலை. பம்பரைக் கழட்டித் தரையில வெச்சு, லைட்டைத் தனியா எடுத்து, பல்பை மாத்தி, பம்பரைத் திருப்பி மாட்டறப்ப ஒரு பக்கம் சேரலை. இன்னைக்கு வரைக்கும் சேரலை. அந்த இடுக்கு இருக்குது பாருங்க, என்ற சுண்டுவிரல் போகும். நான் தெனமும் அதைப் பாத்துட்டுத்தான் வண்டி ஏறறது. வவுறு எரியுது.

ஏசிக்குள்ள ஒரு சல்லடை இருக்குதுங்க, தூசி புடிக்கறது. அதை எடுக்கோணும்னா கால் வெக்கற இடத்துல தலையை வெச்சு, சீட்டு மேல காலைப் போட்டு மல்லாக்கப் படுக்கோணும். எனக்கு அம்பத்தெட்டு வயசு. எந்திரிக்கறதுக்கு ரெண்டு ஆள் புடிச்சாங்க.

இன்னைக்குக் காலையில கம்பெனி சர்வீசுக்குப் போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்துச்சு. நல்லாத்தான் பேசுச்சு, தேன் மாதிரி. "அதையெல்லாம் நீங்க எதுக்கு சார் தொடறீங்க, வண்டியை எங்ககிட்டக் கொண்டாந்து விட்ருங்க"ன்னுச்சு. வண்டி நவுந்தாத்தானம்மா கொண்டாரதுன்னேன். "அப்ப சார், அந்த இடத்துக்குன்னே தனியா ஒரு ஸ்பேனர் வருது, வளைஞ்சிருக்கும், வேணும்னா ஆர்டர் போட்டுத் தர்றோம்"னுச்சு. பாத்தீங்களா தம்பி திருட்டுத்தனத்தை? கை போகாத இடத்துல கொண்டு போய் வெக்கறதும் இவனுகதான். அப்புறம் கையை உள்ள விடறதுக்கு ஆயுதம் விக்கறதும் இவனுகதான். இடத்தை மாத்துடான்னா மாத்த மாட்டான். நாம ஆயுதம் வாங்கிக்கோணும். எவ்வளவு தெனாவெட்டு பாருங்க.

நான் ஏமாந்தது எதுலன்னு கேளுங்க. ஷோரூம்ல பானெட்டைத் தொறந்து காட்டினான். உள்ள ஒரு ஒயர் தெரியலை, ஒரு பைப்பு தெரியலை. எல்லாத்துக்கும் மேல கறுப்பு மூடி போட்டு, மழிச்ச கன்னம் மாதிரி இருந்துச்சு. எனக்கு அங்கயே புடிச்சுப்போச்சு. எனக்குச் சுத்தம் வேணும்ங்க. கன்னாபின்னான்னு எதுவும் வெளிய தெரியக்கூடாது.

நான் வீடு கட்டற எஞ்சினியருங்க. திருப்பூர்ல, அவிநாசி ரோட்டுல, எத்தனையோ வீடு. என்ற வீட்டை நீங்க பாக்கோணும். நானே வரைஞ்சேன். வீட்டுல ஒரு பைப்பு வெளிய தெரியாது. செவுத்துல ஒரு கோடு தெரியாது. ஸ்விட்சுகூடத் தேடித்தான் போடோணும். வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறதே, "ஏனுங்க, தண்ணி எந்த வழியா வருது?"ன்னுதான். நான் சொல்ல மாட்டேன், சிரிச்சுட்டு விட்ருவேன். போட்டோ புடிச்சுட்டுப் போறாங்க தம்பி. மாடி பாத்ரூம்ல இத்தாலி டைல்ஸ், அதுக்கு மேல ஒரு பொய்க்கூரை. மேல தொட்டியில இருந்து வர்ற குழாய், மொத்த வீட்டுக்கும் தண்ணியை மூடற வால்வு, எல்லாத்தையும் அந்தக் கூரைக்கு மேல தூக்கி ஒளிச்சுட்டேன். ஆத்தர அவசரத்துக்குக் கை விட ஒரு சின்னத் தொவாரம், அலுமினியச் சட்டம் போட்டு. அதுகூடக் கண்ணுக்குத் தெரியாது, அதே பெயிண்டு.

ஆமாங்க, சம்சாரத்தைச் சொல்றேன்னேனில்ல.

வசந்தாமணின்னு பேரு. நல்ல பொம்பளை. வாயே தொறக்க மாட்டா. அதுதான் இப்பத்தக் கெரகமே, தொறக்காத வாயைத் தொறந்துட்டா. பொங்கல் முடிஞ்சு ஒரு நாள், சமையக்கட்டுல குழாய் பிச்சுக்கிட்டு அடிச்சிருக்குது. செவுத்துக்குள்ள இருந்து. எனக்குப் போன் போட்டா. நான் ஊத்துக்குளியில கான்கிரீட் போட்டுட்டிருக்கறேன். கான்கிரீட் ஓடறப்ப எஞ்சினியர் நவுந்துக்க முடியுங்களா? நவுந்தா கம்பி தெரியப் போட்டுட்டுப் போயிருவானுக. அதனால போன்லயே தெளிவாச் சொன்னேன். மாடி பாத்ரூமுக்குப் போ. முக்காலியைப் போடு. மேல ஓரத்துல தட்டிப் பாரு, ஒரு எடத்துல சத்தம் மாறும், அதுதான் மூடி. அதைத் தள்ளு. கையை உள்ள விட்டு, எடது பக்கமா ஒரு மொழம் போனா, வட்டமாச் சில்லு மாதிரி தட்டுப்படும், அதைத் திருகு. இதுல என்னங்க கஷ்டம்? ஒரு கொழந்தைக்குச் சொல்ற மாதிரிச் சொன்னேன்.

அவ, "எட்டலைங்க"ன்னா. முக்காலி மேல வாளியைக் கவுத்துப் போடுன்னேன். "கை போகலைங்க, சட்டம் அறுக்குது"ன்னா. வளையலைக் கழட்டிட்டு விடுன்னேன். இந்தப் பக்கம் கான்கிரீட் லாரிக்காரன் கத்தறான். நான் போனை வெச்சுட்டேன்.

விழுந்துட்டா.

கை உள்ள இருக்கறப்பவே வாளி வழுக்கிருச்சு. மணிக்கட்டு ஒடஞ்சு, பிளேட் வெச்சிருக்குது. ஆனா ஒண்ணு ஒத்துக்கோணுங்க, விழுகறதுக்கு முன்னால வால்வை மூடிட்டா. தண்ணி நின்னுருச்சு. நான் பொழுதோட வந்து பாக்கறேன், பொய்க்கூரையில பாதி தொங்குது. அந்தத் தகடு இப்பக் கெடைக்கறதே இல்லை. கலரே சேர மாட்டேங்குது. பம்பர் மாதிரித்தான், ஒருக்காக் கழண்டா மறுக்காச் சேராது.

ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவ தம்பி ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்குப் போயிட்டா, வெள்ளகோவிலுக்கு. சரி, கை குணமாகற வரைக்கும் இருந்துட்டு வரட்டும்னு விட்டேன். கை குணமாயிருச்சு. ஆள் வரலை. கேட்டா, ஒரே ஒரு பேச்சு. "அந்த வால்வைக் கீழ எறக்கி, என்ற கை எட்டற எடத்துல வைங்க. நான் வர்றேன்." வேற ஒண்ணுமே கேக்கலைங்க. நகை கேக்கலை, பொடவை கேக்கலை. வால்வு.

தம்பி, நீங்களே சொல்லுங்க. அதைக் கீழ எறக்கோணும்னா டைல்சை ஒடைக்கோணும். ஒடைச்சா அந்த டைல்ஸ் திரும்பக் கெடைக்காது. ஒடைக்காம எறக்கோணும்னா, கூரையில இருந்து ஒரு பைப்பு செவுத்து மேலயே ஓடி வரோணும், பளபளன்னு, எல்லாருக்கும் தெரியற மாதிரி. எஞ்சினியர் வீட்டுல செவுத்து மேல பைப்பு. நாளைக்கு எவன் என்கிட்ட வீடு கட்டக் குடுப்பான்? அதுவும் அந்த வால்வு வருசத்துக்கு எத்தனை தடவைங்க தேவைப்படப் போகுது? மேல தொட்டி கழுவறப்ப மூடோணும், குழாய்க்கு வாசர் மாத்தறப்ப மூடோணும், ஊருக்குப் போறப்ப மூடோணும். மாசத்துக்கு ஒருக்கா வருமுங்களா? அவ்வளவுதான். கட்டினதுல இருந்து அவதானே மூடிட்டிருந்தா. அப்பெல்லாம் ஒண்ணும் சொல்லலையே. கையில சிராய்ப்பு இருக்கும், கேட்டா ஒண்ணுமில்லைம்பா.

என்னங்க, ரபீக் கூப்படறானா? இருங்க, வந்தர்றேன்.

பாத்தீங்களா அநியாயத்தை. அவன் கை குண்டுக் கை, அந்தச் சந்துக்குள்ள போகலை. "சார், உங்க கை ஒல்லி, உள்ள விட்டு நட்டைப் புடிச்சுக்குங்க, நான் வெளிய இருந்து திருகறேன்"ங்கறான். விட்டேன். மொழங்கை வரைக்கும் விட்டேன். உள்ள ஒண்ணும் தெரியலை, தடவித்தான் பாக்கோணும். அந்தத் தகடு ஓரம் இருக்குது பாருங்க, மழுக்காமலேயே விட்டிருக்கான். வெளிய எடுக்கறப்ப அறுத்துருச்சு. மணிக்கட்டுல, இங்க. சுத்தி வளையம் போட்ட மாதிரி. எரியுதுங்க. வசந்தாமணிக்கும் இதே எடத்துல, இதே மாதிரிக் கோடு இருக்கும். ஒண்ணுக்கு மேல ஒண்ணா நாலஞ்சு கோடு. அது வளையல் கீறினதா இருக்கும்.

துணி இருந்தாக் குடுங்க. போதுமுங்க, இது போதும்.

எங்க விட்டேன்? ஆங். மச்சினன் நேத்துப் போன் போட்டான். "மாமா, நாளைக்கு நல்ல நாளு, வந்து கூட்டிட்டுப் போயிருங்க. அதுக்கு மறுநாள் ஆடி பொறக்குது, ஆடியில அக்காளை அனுப்பறதுக்கு இவ ஒத்துக்க மாட்டா"ன்னான். இவன்னா அவன் சம்சாரம். ஆடி வழக்கமெல்லாம் புதுசாக் கட்டிக்கிட்டவங்களுக்குத்தானடா மாப்ள, உங்கக்காளுக்கு எதுக்குன்னேன். "அக்காளே அதைத்தான் புடிச்சுட்டிருக்கறா மாமா. நாளைக்கு வந்தாச் சரி, ஆடி பொறந்துட்டா நான் போகலைங்கறா. நான் பேசித்தான் பையைக் கட்ட வெச்சிருக்கறேன். அந்த வால்வுக்கு மட்டும் ஒரு வழி பண்ணிட்டு வாங்க"ன்னான்.

பண்ணிட்டேங்க. வழி பண்ணாம கெளம்புவனா?

டிக்கியைப் பாருங்க. பாதி மூடாம, கயிறு போட்டுக் கட்டியிருக்கறேனில்ல. ஏணி. நல்ல அலுமினிய ஏணி, மடக்கற மாதிரி, காலுக்கு ரப்பர் போட்டது. வழுக்கவே வழுக்காது. முக்காலி வேண்டாம், வாளி வேண்டாம். ஏறி நின்னா கூரை தலையில இடிக்கும். டைல்சும் ஒடையாது, பைப்பும் தெரியாது. ராத்திரியெல்லாம் யோசிச்சு இதைப் புடிச்சேன். வழியிலதான் வாங்கினேன். மச்சினன்கிட்டக்கூடச் சொல்லலை, நேராப் போய் எறக்கி அசத்தோணும்னு.

இந்த ரபீக்கு இருக்கானே, ஏணியைப் பாத்துட்டு, "எதுக்கு சார்?"ன்னான். சொன்னேன். அவன் சக்கரத்துக்குப் பின்னால குனிஞ்சுட்டான். அவனுக்கு என்ன புரியும், அவன் இன்னும் கல்யாணமே பண்ணலை.

இருங்க, போன் அடிக்குது. மச்சினன்தான்.

சொல்லு மாப்ள... யாரு, வசந்தாமணியா? நீயே பேசறயா அம்மிணி? வந்துட்டே இருக்கறேன் அம்மிணி, காங்கேயத்துலதான். வண்டி மக்கர் பண்ணிருச்சு... பேட்டரி. அது ஒரு கெரகம் புடிச்ச எடத்துல இருக்குது... ஆச்சு, இப்ப முடிஞ்சுரும்... வால்வா? அதெல்லாம் வழி பண்ணிட்டேன். உனக்கு ஒண்ணு வாங்கிட்டு வர்றேன், பாத்தா அசந்துருவே... பொடவை இல்லை... அதுவும் இல்லை. ஏணி. ஏணி அம்மிணி. அலுமினியம். கனமே இல்லை, நீ ஒத்தைக் கையிலயே தூக்கலாம்... என்ன? ... நான் எதுக்கு... அம்மிணி? அலோ?

வெச்சுட்டா.

என்ன கேட்டா தெரியுங்களா? "அந்தத் தொவாரத்துக்குள்ள நீங்க ஒருக்காவாவது கையை விட்டுப் பாத்திருக்கீங்களா?"ன்னு கேக்கறா. நான் எதுக்குங்க விடறேன்? நான் அதை வெச்சவன். வரைஞ்சவன். வெச்சவனே கையை விட்டுப் பாக்கோணும்னு எங்கியாவது இருக்குதுங்களா? "பையைப் பிரிச்சு வெச்சர்றேன். ஆடி முடியட்டும்"ன்னா. கோவமாக்கூடச் சொல்லலை. பால்காரன்கிட்ட நாளைக்கு வேண்டாம்னு சொல்ற மாதிரிச் சொன்னா. எந்த ஆடின்னும் சொல்லலை.

அட, ஸ்டார்ட் ஆயிருச்சு. கேளுங்க, என்ன சத்தம், பூனை மாதிரி. சுடுதண்ணி ஊத்தித் தேச்சதுக்கு இந்தப் பாடு. இனி ஸ்டார்ட் ஆனா என்ன, ஆகாட்டி என்ன.

வவுத்தெரிச்சலாத்தான் இருக்குது தம்பி. இந்தச் சனியன் புடிச்ச பேட்டரி கைக்கு எட்டற எடத்துல இருந்திருந்தா, நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன். போன்ல பேச வேண்டியதே வந்திருக்காது. அவ ஏணியை நேர்லயே பாத்திருப்பா. எல்லாத்துக்கும் காரணம் அந்த வரைஞ்சவன்தானுங்க. ஏசி ரூம்ல உக்காந்துட்டு, வெளிய இருந்து பாக்கறவன் மெச்சோணும், அவ்வளவுதான் அவனுக்கு. உள்ள கையை விட்டு மல்லுக்கட்டப் போறது யாரு, அந்தக் கை என்ன ஆகும், ஒரு நிமிசம் நெனச்சானா? சொன்னாலும் காதுல போட மாட்டான். இடத்தை மாத்துன்னா, ஆயுதம் வாங்கிக்கோம்பான். அவனெல்லாம் மனுசனுங்களா? அவனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா, அவன்கூட எப்படிங்க குடும்பம் நடத்துவா?

என்னங்க தம்பி, அப்படிப் பாக்கறீங்க? நான் வண்டியைச் சொன்னேங்க.